மணவறைக்கு அடித்த விளம்பரக் கையேடு

யூலை 28, திங்கள்

சோழகக் காற்று. மணவறை வாடகைக் கடை முழுக்கப் புழுதி. ஆடி மாதம், ஆள் வராது, சரி. ஆனால் ஆவணிக்கும் ஒரு கலியாணம்கூடப் பதியவில்லை. புது மண்டபத்தில் மணவறையும் சேர்த்தே கொடுக்கிறார்களாம். பிறகு என்னிடம் ஏன் வருவார்கள்? ஆவணியும் போனால் மூன்று மணவறையையும் விற்க வேண்டியதுதான். பயமாக இருக்கிறது. மனைவி வசந்தியிடம் சொல்லவில்லை.

கடைசி முயற்சி, விளம்பரக் கையேடு. நெல்லியடி அச்சகத்தில் மாதிரி பார்த்தேன். எழுத்துப்பிழை இரண்டு, திருத்தியாயிற்று. மற்றதெல்லாம் திறம்.

யூலை 31, வியாழன்

கையேட்டை எடுத்துவந்தேன். வரும் வழியிலேயே கோயிலடி, கடைகள் என்று பாதியைக் கொடுத்து முடித்தேன்.

வசந்திக்கு ஒன்றை நீட்டினேன். மேலே தேவாரம். நடுவில் வட்டத்துக்குள் என் படம். இரு பக்கமும் குத்துவிளக்கு, ஊதாக் கரை. மணவறைகள் உள்பக்கம். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உங்கடை முப்பத்தொண்டு எண்டைக்கு?"

அப்போதுதான் உறைத்தது. செத்தவர் நினைவாக முப்பத்தோராம் நாள் அச்சடித்துக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகம், அச்சொட்டாக அதேதான். அச்சகக்காரர் வருடக்கணக்காக அதைத்தான் அடிக்கிறார். எனக்கும் பார்த்துப் பார்த்துப் பழகின கண்.

அச்சகக்காரருக்குப் போன் எடுத்துக் கத்தினேன். அவர் ஆறுதலாகக் கேட்டார், "அண்ணை, நீங்கள்தானே பாத்துச் சரியெண்டு கையெழுத்து வைச்சனியள்?"

ஓம். வைத்தேன். மடையன்.

ஓகஸ்ட் 2, சனி

பால்மா, நெருப்புப்பெட்டி, வசந்தியின் செருப்பு தைக்க.

காலையில் யாரோ போனில், "ஐயா எப்ப மோசம் போனவர்?" என் சாவை என்னிடமே விசாரித்தார். வசந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு குசினிக்குள் போய் அழுதாள்.

புலோலியில் ஒரு கலியாண வீடு. போன மாதம் விலை கேட்டவர்கள், நம்பியிருந்தேன். பெண்ணின் தாய் கையேட்டைத் திருப்பிக் கொண்டுவந்து தந்தா. "குறை நினையாதேங்கோ தம்பி. நல்ல காரியம் நடக்கிற வீட்டிலை இதை வைச்சிருக்கேலாது."

தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன். வேண்டாம் என்று போய்விட்டா.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

மீதிக் கையேடுகள் கட்டோடு மேசைக்குக் கீழே. எரிக்கவும் மனமில்லை, என் முகம்.

பத்து மணிக்குக் கரவெட்டியில் இருந்து அழைப்பு. ஓடிப்போய் எடுத்தேன்.

"உங்கடை புத்தகம் பாத்தனாங்கள். நல்ல வடிவு. அப்பாவின்ரை முப்பத்தொண்டுக்கும் அதே மாதிரி ஒண்டு அடிக்கவேணும். எங்கை அடிச்சனியள்?"

அச்சகத்து நம்பரைக் கொடுத்தேன். பிறகு புது மண்டபத்துக்காரருக்குப் போன் எடுத்து, விலை பேச மணவறைகளை வந்து பார்க்கச் சொன்னேன்.