தமிழில் கத்திய கட்டளை

மே 11, ஞாயிறு. வின்டர்தூர்.

இன்று தோற்றோம். என்னால்தான்.

அமெரிக்கன் ஃபுட்போல் அணியில் பின்வரிசைத் தடுப்பு வீரர்களுக்கு நான் கோச். எந்தப் பக்கம் மறிக்க வேண்டும் என்பதை ஓரத்தில் நின்று தமிழில் கத்துவேன். என் சுவிஸ் வீரர்களுக்கு "உள்ளுக்கு", "வெளியால" இரண்டும் நன்றாகப் பழகிவிட்டன. இரண்டு வருடமாக எந்த எதிரணிக்கும் அது விளங்கவில்லை.

இன்று எதிரணியான பாடனில் ஒருவன் மூன்று முறை நாங்கள் மறிக்காத பக்கத்தால் ஓடி, எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்தான். மட்ச் முடிந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"அண்ணை, யாழ்ப்பாணமோ? நீங்கள் கத்தினது முழுக்க எனக்கு விளங்கினது. அடுத்த மட்சுக்கு முதல் சொல்லை மாத்திப்போடுங்கோ."

இந்த நாட்டில் எங்கள் ஆட்கள் இல்லாத ஊரே இல்லை என்று எல்லோரிடமும் சொல்லித் திரிகிறவன் நான். எதிரணியில் ஒருவன் இருப்பான் என்று மட்டும் நினைக்கவில்லை. மடையன்.

தலைமைக் கோச் ரேட்டோ, அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார். தெரியாது என்றேன். அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் கோச் வேலைக்கு அவர்தான் எனக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதியிருக்கிறார். எவராலும் கண்டுபிடிக்க முடியாத கட்டளைமுறை என்னுடையது என்பதே அதன் முதல் வரி.

என்னைத் தோற்கடித்தவன் என்னிடம் உண்மையைச் சொல்லிவிட்டுப் போனான்.

கடிதம் நாளைக் காலை எட்டு மணிக்குப் போகிறது. ரேட்டோ ஆறு மணிக்கே எழும்பிவிடுவார்; அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது.