வானத்தில் இல்லாத படிகள்

மார்ச் 4

புதுத் திரை வந்தது. நானே பிரித்தேன், நானே மாட்டினேன், விளக்கவுரையும் நானே ஆற்றினேன். பழைய திரைகள் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றையும் 256 படிகளாகக் காட்டும், அது எட்டு பிட். இது பத்து பிட், 1,024 படிகள். மூன்றையும் பெருக்கினால் நூறு கோடிக்கு மேல் நிறங்கள்.

"நூறு கோடியா? எங்க வீட்டுச் சுவத்துக்கு ஒரு கலர் எடுக்கவே மூணு மாசம் சண்டை, புரொபசர்" என்றார் லென்ஸ் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் பதினாறு வருடமாக இந்த ஸ்டுடியோவில் படம் திருத்துகிறவர். அச்சுத் தாளை லென்ஸ் இல்லாமல் பார்க்கமாட்டார், அதனால் அந்தப் பெயர். நான் வந்து ஏழு மாதம். பல்கலைக்கழகத்தில் நிறங்களைப் பற்றிப் படித்துவிட்டு வந்த பாவத்துக்கு, புரொபசர்.

மார்ச் 12

ஒரு புகைப்படக்காரரின் கடல் புத்தகம். விடியலுக்கு முந்தைய வானம், நாற்பத்தொரு படங்கள். அக்கா திருத்தியவற்றைப் புதுத் திரையில் திறந்தேன். வானம் படிப்படியாக உடைந்திருந்தது. நீலம், கொஞ்சம் ஊதா, இன்னும் கொஞ்சம் ஊதா. பட்டை பட்டையாக.

முதலாளி பின்னால் நின்று அக்காவைக் கேட்டார், "என்னம்மா இது?"

"ஃபைல்ல ஒண்ணும் இல்ல சார். கலர் நம்பர் பாத்துட்டேன், ஒழுங்காத்தான் ஏறுது. ஸ்கிரீன்தான் ஏதோ பண்ணுது."

நான் சிரித்துவிட்டேன். "அக்கா, இது பத்து பிட். இது பொய் சொல்லாது. நீங்கதான் நடுவுல எங்கேயோ எட்டு பிட்ல சேவ் பண்ணியிருப்பீங்க."

ஆறு பேர் முன்னால். அக்காவின் முகம் — சரி, நான் சொன்னது உண்மைதானே?

மார்ச் 14

அக்காவைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி அவருக்குச் செருப்புக் கேட்டலாக். எனக்கு வானம்.

மார்ச் 22

பட்டையை மறைக்க, மென்பொருளில் மெல்லிய புள்ளித் துகளைத் தூவினேன். நாற்பத்தொரு வானத்திலும். முதலாளி தோளில் தட்டினார்.

அக்கா இப்போது என்னைப் புரொபசர் என்று கூப்பிடுவதில்லை. கூப்பிடுவதே இல்லை.

ஏப்ரல் 1

சிஸ்டம் அப்டேட் ஆனது. கணினி மறுபடி எழுந்ததும், திரை அமைப்புகளைச் சரிபார்க்கச் சொன்னது. போனேன். வண்ண ஆழம்: 8.

எட்டு.

திரையால் முடியும். கோப்பில் இருக்கிறது. நடுவில் இருக்கிற சிஸ்டம் எட்டுக்கு மேல் விடவில்லை. விடச் சொல்லவேண்டியவன் நான். அன்று கேபிளைச் செருகிவிட்டு உரையாற்றப் போய்விட்டேன்.

பத்து என்று மாற்றினேன். படம் திருத்தும் மென்பொருளிலும் ஒரு டிக். அக்காவின் பழைய கோப்பைத் திறந்தேன். வானம் வழவழவென்று இறங்கியது. ஒரு கோடு இல்லை.

என்னுடையதைத் திறந்தேன். வானமெல்லாம் மணல்.

ஏப்ரல் 4

நாளை கோப்புகள் அச்சகத்துக்குப் போகின்றன. சொல்லலாமென்று எழுந்தேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். மூன்று முறை.

என்னடா பயம் உனக்கு? வேலையா போயிடும்? போகாது. ஆறு பேரு சிரிப்பாங்க, அவ்வளவுதானே. அந்த அவ்வளவுதானைத்தான் தாண்ட முடியல.

அம்மா: "ஏன்டா மூஞ்சி தொங்குது?"
"திரையைப் பாத்துப் பாத்துக் கண் வலி."
"அதைப் பாக்கத்தானடா அவ்வளவு படிச்ச?"

ஏப்ரல் 5

என் கோப்புகளை எடுத்துவிட்டு, அக்காவின் நாற்பத்தொன்றையும் வைத்து அனுப்பினேன். யாருக்கும் தெரியாது. நான் யோக்கியன் என்று ஒரு மணி நேரம் நம்பினேன்.

ஏப்ரல் 27

புத்தகம் வந்தது. புகைப்படக்காரர் வானத்தின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார். "யாரு பண்ணது இத?" முதலாளி என்னைக் காட்டினார். கடைசிப் பக்கத்திலும், நிறத் திருத்தம் என்பதற்கு எதிரே, என் பெயர்தான்.

நான் தலையாட்டினேன். தலையாட்டினேன்!

அக்கா லென்ஸை வைத்து ஒரு பக்கம் பார்த்தார். அடுத்த பக்கம். பிறகு புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் செருப்புக்குப் போனார்.

ஏப்ரல் 28

பிரிண்டர் அறையில் அக்கா தனியாக இருந்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"தெரியும். என் கை எனக்குத் தெரியாதா?"

எட்டு, பத்து, துகள், மாற்றி அனுப்பியது எல்லாம் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அடுத்த பதிப்பில் பெயரை மாற்றச் சொல்கிறேன் என்றேன்.

"பேரு கிடக்கட்டும். ஸ்கிரீன் பொய் சொல்லாதுன்னு எங்க வச்சுச் சொன்ன? கதவச் சாத்திக்கிட்டா?"

ஏப்ரல் 29

இல்லை. இன்றும் சொல்லவில்லை.

மே 2

திங்கட்கிழமைக் கூட்டம். எழுந்து நின்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

முதலாளி பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "அப்ப அந்த வானம் யாரோடது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா கையைத் தூக்கினார், வகுப்பில் வருகைப்பதிவுக்குத் தூக்குவதுபோல. எல்லோரும் பார்த்து முடிக்கும்வரை இறக்கவில்லை.

மே 3

திரையை அக்காவின் மேசைக்கு மாற்றினோம். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து.

"அந்த டிக் எங்க இருக்கு? காட்டு."

காட்டினேன். அவரே எடுத்துப் பார்த்தார், போட்டுப் பார்த்தார். பட்டை வந்தது, போனது. "ம்" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அடுத்த படத்தைத் திறந்தார்.

எனக்கு நாற்காலி போடவில்லை. போ என்றும் சொல்லவில்லை. நின்றேன்.