ஷோகேஸில் வைத்த பாட்டில்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி மழைக்கு மட்டும் எட்டிப் பார்க்கிறது, உன் தம்பி தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து நிற்கிறான், பார்க்கச் சகிக்கவில்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் மற்றதை உன் குரலைக் கேட்டுக்கொண்டே சொல்ல எனக்கு முகமில்லை.

நான் நடுவராக இருந்த போட்டியிலிருந்து உன் தோப்பு ஆலிவ் எண்ணெயை எடுத்துவிட்டார்கள் என்று தகவல் வந்திருக்கும். எடுக்க வைத்தது நான்தான். அனுப்பட்டுமா என்று நீ கேட்டபோது, தாராளமாக அனுப்பு, எந்த நாட்டு எண்ணெய் என்றே தெரியாமல்தானே ருசி பார்க்கிறோம் என்றேன். நடுவரின் சொந்தக்காரர் கலந்துகொண்டால் அதை முன்கூட்டியே சொல்லி நடுவர் ஒதுங்க வேண்டும், அதுதான் விதி. சொன்னால் என் நாற்காலி போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். அதோடு நின்றேனா? நிறம் தெரியாமலிருக்கக் கொடுக்கும் அந்த நீலக் கண்ணாடிக் கிண்ணங்களை உள்ளங்கையில் சூடாக்கி மோந்து பார்க்கும்போதெல்லாம், என் மகள் எண்ணெய் எனக்குத் தெரியாதா என்று உன்னையே தேடினேன். ஒன்று பச்சைப் புல் வாசனையோடு கசந்து, தொண்டையில் சுருக்கென்று இறங்கி இருமல் வரவைத்தது. இது அவள்தான், அதே கோபம், என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு மதிப்பெண்ணை அள்ளிப் போட்டேன். அடுத்தது சாதுவாக இருந்தது, பழுத்த ஆப்பிள் வாசனை, மெல்லிய காரம். இதில் உயிரே இல்லை என்று கறாராகக் குறைத்தேன். பெயர் எழுதிய உறைகளைப் பிரித்தபோது அந்தச் சாதுதான் உன்னுடையது. அன்றே தலைமை நடுவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டக்கூட இல்லை, மத்த நடுவருங்க எல்லாரும் உங்க மக எண்ணெயைத்தான் மேல வச்சிருந்தாங்கம்மா, நீங்க மறைச்சதால இப்ப விதிப்படி எடுத்துத்தான் ஆகணும் என்றார். என் நாற்காலி போனது போகட்டும், உன் உழைப்பும் அதோடு போனதே.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா ஷோகேஸைப் பார்த்தார். போன அறுவடையில் நீ அனுப்பிய பாட்டில் மூடிகூடத் திருகாமல், ஜன்னல் வெயில் பட்டுக்கொண்டு அங்கேயே நிற்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் காட்டிப் பீற்றிக்கொண்டேனே தவிர, ஒரு சொட்டு நாக்கில் வைக்கவில்லை. தொண்டையில் அருமையாக இறங்கியது என்று உன்னிடம் போனில் சொன்னது பொய். ஊர்ப்பட்ட எண்ணெயெல்லாம் குடிக்கிறே, உன் மக எண்ணெயைத் தொடலையே என்று அப்பா கேட்டார், எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அப்புறம்தான் திறந்தேன், கெட்டுப்போய்ச் சிக்கு வாடை அடித்தது. எண்ணெயை வெளிச்சத்தில் வைக்காதீர்கள் என்று எல்லோருக்கும் பாடம் எடுக்கிறவள் நான். நீ எப்போது இவ்வளவு சாதுவானாய் என்றுகூட எனக்குத் தெரியவில்லையே என்றுதான் அழுகை வந்தது.

மாப்பிள்ளையிடம் நீ சமாளிக்க வேண்டாம், நானே பேசுகிறேன். தோப்பில் வெறுந்தலையோடு நிற்காதே. நீங்கள் மூவரும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும், மரங்கள் காய்த்துக் குலுங்க வேண்டும். அடுத்த வருடமும் போட்டிக்கு அனுப்பு, நான் அந்தப் பக்கமே போகமாட்டேன். கோபம் ஆறியதும் எனக்கும் ஒரு பாட்டில் அனுப்பு, சின்னதாக இருந்தால் போதும். வந்த அன்றே திறந்துவிடுவேன்.

தலைகுனிந்து நிற்கும்
உன் அம்மா