பம்ப் ஓடுவதாக அப்பா கையெழுத்துப் போட்டிருக்கிறார்

என் அம்மாவுக்கு,

பக்கத்து அறையில் அப்பா இருமும்போதெல்லாம் விளக்கை அணைத்துவிடுகிறேன். இருமல் அடங்கியதும் மறுபடி போட்டுக்கொண்டு எழுதுகிறேன். நீ போய் நாலு மாதம் ஆகிறது. உனக்கு எழுதுவதற்கு இப்படிப் பயப்படுவேன் என்று நினைத்ததே இல்லை.

இதை வேறு சிலரும் படிக்கக்கூடும். அதனால் கட்டடத்தின் பெயரைச் சொல்லவில்லை. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், கீழே புடவைக் கடை, நாலாவது மாடியில் தம்பி கவின் போகும் துணைப்பாட வகுப்பு என்றாலே உனக்குத் தெரிந்துவிடும். கடைசியாக உன் பத்திரிகைக்கு நீ செய்தி எழுத விசாரித்துக்கொண்டிருந்தது அந்தக் கட்டடத்தைப் பற்றித்தானே.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். உன் ஃபோனை நான் அணைக்கவில்லை. உன் குரல் பதிவுகளைக் கேட்பதற்காக சார்ஜ் போட்டு வைத்திருந்தேன். ஒருநாள் செல்வம் என்று ஒருவரிடமிருந்து செய்தி வந்தது. "அக்கா, பம்ப் இன்னும் அப்படியேதான் இருக்கு. எப்ப எழுதுவீங்க?" அவருக்கு என்ன பதில் போடுவது என்று தெரியவில்லை. "பார்க்கிறேன் தம்பி" என்று போட்டுவிட்டேன். நீயாகவே போட்டுவிட்டேன், அம்மா. அதன்பிறகு நிறுத்த முடியவில்லை. இரண்டு மாதம் அவர் உன்னிடம் பேசுவதாக நினைத்து என்னிடம் பேசினார்.

அவர் அனுப்பியதை எல்லாம் படித்துத்தான் எனக்கே புரிந்தது. தீப்பிடித்தால் ஒவ்வொரு மாடியின் உட்கூரையிலும் இருக்கும் தெளிப்புக் குழாய்களுக்குத் தண்ணீர் ஏற்றுகிற பம்ப் அது. பழுதாகிப் பல மாதம் ஆகிறது. அதைப் பராமரிக்கும் கம்பெனியில்தான் செல்வம் அண்ணன் வேலை செய்கிறார். மாற்ற வேண்டிய பாகத்தை யாரும் வாங்கித் தரவில்லை. ஆனால் மாதப் படிவத்தில் 'இயங்குகிறது' என்று இருக்கிறது. சோதனைக்கு வருபவர்கள் படிவத்தைப் பார்க்கிறார்கள், பம்ப்பைப் பார்ப்பதில்லை.

நேற்று அவர் வீடியோ அனுப்பினார். சுவிட்சை அழுத்துகிறார், ஒரு சத்தமும் இல்லை. கூடவே படிவத்தின் படமும் இருந்தது. அடியில் இருந்த கையெழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் ரிப்போர்ட் புக்கில் வருஷம் தவறாமல் பார்க்கிற கையெழுத்து அது.

இன்று பள்ளி முடிந்து வரும்போது, பையில் இருந்த உன் ஃபோனுக்கு அவரே அழைத்தார். நம் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நின்று எடுத்தேன்.

"அக்கா?"

"அக்கா இல்லண்ணே. நான் அவங்க மக, யாழினி. அம்மா... அம்மா இறந்துட்டாங்க. நாலு மாசம் ஆச்சு."

அவர் பக்கம் லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப இத்தன நாளா என்கிட்ட மெசேஜ்ல பேசுனது யாரு?"

"நான்தான். சாரிண்ணே. சாரி."

"அதான பாத்தேன். அக்கா திடீர்னு பூ, பூனைக்குட்டின்னு ஸ்டிக்கர் போடுறாங்களேன்னு நெனச்சேன்." சிரிக்க முயன்று நிறுத்தினார். "பாப்பா, என் பேரு, கம்பெனி, எல்லாம் அதுல இருக்கு. வேலை பெர்மிட்ட கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிடுவாங்க. உனக்கு வெளையாட்டா?"

நான் அழுதேன். பக்கத்தில் நின்ற ஆண்ட்டி திரும்பிப் பார்த்தார்.

"சரி, அழாத. வீடியோல என் கை தெரியுது, தழும்போட. அந்த எடத்த மட்டும் வெட்டிட்டு, அக்கா ஆபீஸ்ல யார்கிட்டயாவது குடு. நான் மணி சார்ட்ட மூணு தடவ சொல்லிட்டேன். நல்ல மனுஷன்தான். தலைய ஆட்டுறாரு, சைன் போட்டுடுறாரு."

மணி சார் என் அப்பா என்று நான் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து உன் கடைசி நோட்டை எடுத்தேன். நீ கேள்வியை எழுதி, அவர்கள் சொல்லப்போகும் பதிலுக்குக் கீழே பாதிப் பக்கம் விட்டு வைப்பாயே. யாரைப் பற்றி எழுதினாலும் அவரிடம் கேட்காமல் ஒரு வரி அச்சுக்குப் போகாது என்பாய். கடைசிப் பக்கத்தில் 'மணி – கட்டடப் பாதுகாப்பு அதிகாரி' என்று தலைப்பிட்டிருந்தாய். யாரோ ஒருவரைப் போல. கீழே நாலு கேள்விகள். இடம் எல்லாம் வெள்ளையாகவே இருக்கிறது.

ஏன் கேட்கவில்லை அம்மா? அதற்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோமா? இல்லை, ஒரே மேசையில் சாப்பிடுகிற மனிதரிடம் கேட்க வாய் வரவில்லையா? எத்தனை நாள் தெரிந்து வைத்திருந்தாய்?

வீட்டில் கேஸ் அடுப்பை இரண்டு முறை தொட்டுப் பார்க்காமல் படுக்காத மனிதர் அவர். இன்று சாப்பிடும்போது, "அம்மா ஃபோன் லைனை இந்த மாசத்தோட கட் பண்ணிடலாம் லா. யார் கூப்பிடப் போறா?" என்றார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன கண்ணு, காரமா? ஏன் கண்ணு கலங்குது?" என்று தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். வேலை போய்விடுமா? போலீஸ் வருமா? நீயும் இல்லாமல் அவரும் இல்லாமல் கவினும் நானும் என்ன செய்வோம்?

கவினுக்கு முன்பல் விழுந்துவிட்டது. 'ஸ' சொல்ல வரவில்லை, எல்லோரையும் சிரிக்க வைக்கிறான். நாளை சனிக்கிழமை. பத்து மணிக்கு நாலாவது மாடி. வயிற்றுவலி என்று சொல்லி அவனை நிறுத்திவிடலாம். அவன் பக்கத்தில் உட்காரும் பிள்ளையை யார் நிறுத்துவது? அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு யார் சொல்வது?

வீடியோவில் செல்வம் அண்ணன் கை தெரியும் இடத்தை வெட்டிவிட்டேன். நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன், தெரியவில்லை. உன் அலுவலக ரேவதி ஆண்ட்டிக்கு, காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வர முடியுமா என்று என் பெயரிலேயே செய்தி போட்டேன். "வர்றேன்மா. தனியா எதுவும் செய்யாதே" என்று பதில் வந்தது.

அப்பா ஆறு மணிக்குத் தேநீர் போட எழுந்திருப்பார். அப்போது உன் நோட்டோடு போய் எதிரில் உட்காருவேன், அம்மா. உன் நாலு கேள்விகளையும் நீ எழுதியபடியே கேட்பேன். அவர் சொல்வதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுவேன். கத்தினாலும் எழுதுவேன், பேசாமல் இருந்தால் பேசவில்லை என்று எழுதுவேன். பத்து மணிக்குள் தீயணைப்புத் துறைக்கு ஃபோன் போகும். அவரே பேசினால் நல்லது. இல்லையென்றால் நான் பேசுவேன். உனக்குச் சத்தியம்.

ஐந்தாவதாக என் கேள்வி ஒன்றையும் அடியில் எழுதியிருக்கிறேன். "அப்பா, பம்ப் ஓடாது என்று தெரிந்துதான் கவினை அங்கே அனுப்பினீர்களா?" கீழே பாதிப் பக்கம் விட்டிருக்கிறேன்.

உன் மூத்த பிள்ளை, அப்பாவுக்கும் மகள்தான்,
யாழினி