அவருடைய தட்டுகளும் என் பாக்டீரியாவும்

மார்ச் 4

பின்பக்கத்து மேய்ச்சல் நிலத்தில் இன்று கல் நட்டுவிட்டார்கள். வீடு கட்டப் போகிறார்களாம். நாலு மாடுகளும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தன. என் வீட்டுக்காரருக்கு உடனே ஞானம் பிறந்துவிட்டது. "தீவனத்துக்கு எங்க போறது? செவலையை வித்துடலாம்."

செவலையா? கன்றிலிருந்து நான் வளர்த்தவள். என் உசுரு போனாலும் — சரி, அது இருக்கட்டும். சாமான் அறையைக் காலி செய்து, தட்டுகளில் மக்காச்சோளம் முளைக்க வைக்கப் போகிறேன். மண்ணே வேண்டாமாம். தண்ணீர் போதும்.

மார்ச் 13

முதல் ஈடு முழுக்கப் பூஞ்சை. அவர் எட்டிப் பார்த்து, "தீவனமா, தாடியா?" என்றார்.

மார்ச் 14

மாட்டு டாக்டரம்மா ஒரு பாட்டில் கொடுத்தார். உள்ளே நல்லது செய்யும் பாக்டீரியா. விதை ஊறும் தண்ணீரில் கலந்தால் வேரில் ஒட்டிக்கொண்டு பூஞ்சையை அண்டவிடாதாம், வளர்த்தியும் கொடுக்குமாம்.

"அதுவும் கிருமி, இதுவும் கிருமி. திருடனை விரட்டத் திருடனையே கூட்டிட்டு வர்றியா?" என்றார் இவர்.

பேச்சு பந்தயத்தில் முடிந்தது. இடது அலமாரி எனக்கு, பாக்டீரியாவோடு. வலது அவருக்கு, வெறும் தண்ணீரோடு. என் பயிர் ஜெயித்தால் செவலை இங்கேயே இருப்பாள். தோற்றால் தரகர் வருவார்.

மார்ச் 15

என் தட்டு, வாளி, விதை எல்லாவற்றையும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துத் தள்ளினேன். அவர் தன் தட்டுகளுக்குத் தண்ணீரைக் காட்டினார், அவ்வளவுதான்.

மார்ச் 17

இரண்டு பக்கமும் முளை விட்டிருக்கிறது. ஒன்றும் தெரியவில்லை.

மார்ச் 20

என்னுடையது சோனி. அவருடையது கொழுகொழுவென்று நிற்கிறது. வெறும் தண்ணிக்கா இந்த வளர்த்தி? மீசையைத் தடவிக்கொண்டு வீட்டைச் சுற்றுகிறார். எனக்கு அழுகையே வந்துடுச்சு. தரகர்கிட்ட பேசப் போறாராம். பேசட்டும். நானும் செவலை பக்கத்துல போய் நிக்கறேன், சேர்த்து வித்துடட்டும்.

மார்ச் 21

டாக்டரம்மா வந்தார். என் அலமாரிப் பக்கம் போனதும் மூக்கைச் சுளித்தார்.

"அக்கா, பிளீச்சிங் வாசம் அடிக்குதே. தேய்ச்ச பிறகு நல்ல தண்ணியில அலசினீங்களா?"

அலசவில்லை.

"அப்புறம் அதுல பாக்டீரியா எப்படி உயிரோட இருக்கும்?"

விருந்தாளியை வருந்தி அழைத்து, வாசலிலேயே விஷம் வைத்திருக்கிறேன்!

அவர் தட்டிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்துப் பார்த்தார் டாக்டரம்மா. "வேர் பாய் மாதிரி பின்னியிருக்கே! இதுக்கு ஒழுங்காதானே பாக்டீரியா போட்டிருக்கீங்க?"

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் விட்டத்தைப் பார்த்தார். விட்டத்தில் ஒரு பல்லிகூட இல்லை.

"ஒரே ஒரு மூடிதான் ஊத்தினேன்," என்றார் கடைசியில். "உன்னுது மட்டும் வளர்ந்துட்டா என் மானம் என்னாவறது?"

மார்ச் 22

காலையிலிருந்து வழக்கு. தட்டு அவருடையது, அதனால் ஜெயித்தது அவராம்.

"அப்போ பாக்டீரியா வேலை செய்யுதுன்னு ஒத்துக்கறீங்களா?"

ஒத்துக்கொண்டால் பந்தயம் போச்சு. ஒத்துக்கொள்ளாவிட்டால் மூடியைத் திருடியது எதற்கு? திருடனுக்குத் தேள் கொட்டியது போல உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுக்குத்தான் வாய் திறந்தது. தரகருக்கு போன் போகவில்லை.

ஏப்ரல் 2

இந்த முறை அலசு அலசென்று அலசியிருந்தேன். இரண்டு அலமாரியும் பச்சை. செவலை தலையைத் தூக்காமல் தின்கிறாள். பாலும் கொஞ்சம் கூடியிருக்கிறது. "வெயில் குறைஞ்சிருக்கு, அதான்," என்கிறார். சரிங்க.

ஏப்ரல் 19

மதியம் கொஞ்சம் கண்ணயரலாம் என்று படுக்கையறைக்குப் போனேன். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் ஒரு புது அலமாரி, நிறையத் தட்டுகள். அவர் ஸ்டூலில் ஏறித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"ஃபேனைப் போடாத. முளை காஞ்சிடும்."

"எனக்கு வேர்க்குதே?"

"நீ வெளியில போய்ப் படுத்துக்கலாம். அதுங்களால முடியுமா?"

தலையணையை எடுத்துக்கொண்டு தொழுவத்துப் பக்கம் வந்துவிட்டேன். இங்கே நல்ல காற்று. செவலை அசைபோட்டுக்கொண்டிருக்கிறாள்.