லைட்காரர் பொண்ணு

ஜூன் 4

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். நீயும் வீட்டுக்காரரும் சுகம்தானே?

என் பெண் கல்யாணம் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. ஆல்பம் எங்கே என்று சம்பந்தியம்மா தினமும் நச்சரிக்கிறார். வெளி ஆள் படம் எடுத்திருந்தால் இந்நேரம் கைக்கு வந்திருக்கும். சொந்தத் தங்கை என்பதால் இழுத்தடிக்கிறாய். சாப்பிடாமல்கூடக் கிளம்பிவிட்டாயே, எனக்கு எவ்வளவு சங்கடம் தெரியுமா?

மேடையில் பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுதேனே, அதை மட்டும் பெரிதாக்கி அனுப்பு. போய்ச் சேர்ந்த உன் அத்தான் படத்துக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும்.

ஆசையுடன்,
அக்கா

ஜூன் 19

அக்கா,

ஆல்பம் இத்துடன் வருகிறது. நாற்பது பக்கம். உன் மகள் அழகாக இருக்கிறாள். சம்பந்தி வீட்டார், சித்தப்பா, சமையல்காரர் வரை எல்லோரும் இருக்கிறார்கள். நிதானமாகப் பார்.

தங்கை

ஜூன் 26

அடியே,

மூன்று தடவை புரட்டிவிட்டேன். நான் எங்கேடி? ஒரு பக்கத்தில் என் வளையல் போட்ட கை மட்டும் தெரிகிறது. "பொண்ணப் பெத்தவங்க கல்யாணத்துக்கே வரலையா?" என்று சம்பந்தியம்மா எல்லோர் முன்னாலும் சிரிக்கிறார். ஏதோ தவறு நடந்திருக்கிறது. உடனே எழுது.

அக்கா

ஜூலை 2

அக்கா,

தவறு எதுவும் நடக்கவில்லை.

குடும்பப் படம் எடுக்கும்போது, ஒரு மாதமாக எடுத்து எடுத்துப் பார்த்துவைத்த மஞ்சள் கவுனோடு என் மகள் மேடைக்கு ஓடி வந்தாள். அவள் அப்பாவின் கறுப்பு நிறம், அவருடைய சுருட்டை முடி. "யாருங்க இந்தப் பொண்ணு?" என்று சம்பந்தியம்மா கேட்டார். நீ அவள் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளிவிட்டு, "லைட் பிடிக்கிறவரோட பொண்ணுங்க. கூட்டிட்டு வந்துட்டாரு" என்றாய். பாவம், லைட்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் என்னையே பார்த்தாள். நான் கேமரா பொத்தானை அழுத்தினேன். அதற்கு என்னை நானே மன்னிக்கப்போவதில்லை. உன்னை எப்படி மன்னிப்பேன்?

பள்ளிக்கூட வாசலில், பேருந்தில், துணிக்கடையில், "இது உங்க குழந்தையா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. அவர்கள் அந்நியர்கள். நீ அவளுக்குப் பெரியம்மா.

திரும்பும்போது காரில் கேட்டாள்: "அம்மா, நான் யாரோட பொண்ணு?"

மறுநாள் காலையில் உட்கார்ந்து, நீ இருந்த படங்களை ஒவ்வொன்றாக அழித்தேன். அவற்றை ஒரே தட்டில் மொத்தமாக அழித்திருக்கலாம். எனக்கு அது போதவில்லை.

தங்கை

ஜூலை 11

தங்கச்சி,

புதுச் சம்பந்தம். என்ன நினைப்பார்களோ என்ற பயத்தில் வாய் தவறிவிட்டது. அதற்கு இப்படியா பழிவாங்குவாய்? கூடப் பிறந்தவள்தானே நீ?

நான் அழுத அந்த ஒரு படமாவது இருக்கிறதா? இல்லை என்று மட்டும் எழுதிவிடாதே. யாருக்கும் காட்ட மாட்டேன். எனக்கு மட்டும் அனுப்பு.

அக்கா

ஜூலை 20

அக்கா,

இருக்கிறது. அதை மட்டும் அழிக்கவில்லை. என் தொழிலில் எப்போதாவதுதான் அப்படி ஒரு படம் அமையும்.

உன் கடிதங்களை மறுபடி எடுத்துப் படித்தேன். ஆல்பம் இருக்கிறது, சம்பந்தியம்மா இருக்கிறார், உன் அழுகை இருக்கிறது. "குழந்தை எப்படி இருக்கிறாள்?" என்று ஒரு வரி இல்லை.

அவளுக்கு இப்போது எட்டு வயது. பதினெட்டு முடிந்ததும் அந்தப் படத்தையும் உன் கடிதங்களையும் அவள் கையில் கொடுப்பேன். உனக்கு அனுப்புவதா, கிழித்துப் போடுவதா என்று அவள் முடிவு செய்யட்டும். குறுக்கே நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

அதுவரை வேளாவேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். நீ உயிரோடு இருக்க வேண்டும்.

தங்கை