ஊமைத் தோட்டாவும் சத்தத் தோட்டாவும்

சொல்தா,

இன்று காலை நம் சந்து முனைக்குச் சாட்டையடிக்காரன் வந்திருந்தான். உருமி முழங்க, சாட்டையைச் சுழற்றி ஒரு சொடுக்குச் சொடுக்கினான். கட்டிலில் கிடந்த என் மனைவி, "சொல்தா சுடறாரா?" என்று கேட்டுவிட்டாள். நீ செத்து ஒரு மழைக்காலம் போய்விட்டது அவளுக்குத் தெரியாததில்லை. எனக்கும் உன்னோடு முடியாமல் நின்ற வாதம் மறுபடி நெஞ்சில் ஏறிக்கொண்டது.

பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு திரும்பியவன் நீ. புதுச்சேரியில் நம் சாரத்துப் பக்கம் யாரும் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை; சிப்பாய்க்கான பிரெஞ்சு வார்த்தையான 'சொல்தா'தான். நான் மில்லில் தறி மேஸ்திரி. பள்ளிக்கூடம் கொடுத்தது கொஞ்சம். மற்றதெல்லாம் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நானே படித்தது. நம் இரண்டு வீட்டுக்கும் ஒரே உத்திரம். உன் வீடு விழுந்தால் என் வீடும் விழும். சுற்றிலும் இருந்த வீடுகளை ஒருவன் வாங்கி இடித்துவிட்டான். நாம் இருவர் மட்டும் விற்க மறுத்தோம். அந்த வருஷத்து மழையில் நடுச்சுவர் நீளவாக்கில் சரிந்தது. அவன் நம் மேல் வழக்குப் போட்டு, அது முடியும்வரை செங்கல் வைக்கக் கூடாது என்று தடை வாங்கிவிட்டான். மூங்கில் தட்டி கட்டி மண் பூசினோம். அந்தத் தட்டியை ஒட்டித்தான் கை கால் விளங்காத என் மனைவியின் கட்டில். கட்டிலை எங்கே இழுத்துப் போட்டாலும் அதே தட்டிதான் பக்கத்தில் வரும். அவ்வளவு ஒடுக்கமான வீடு.

மத்தியானம் கடைகளைச் சாத்திவிட்டு ஊர் படுத்துத் தூங்கும் நேரம் பார்த்து அவன் ஆட்கள் வருவார்கள். உன் கொல்லைக் கதவை உதைப்பார்கள். ஓட்டைப் பிரித்துப் போடுவார்கள். உன் பிள்ளை பாரிஸிலிருந்து, "விற்றுவிட்டு வாங்கப்பா" என்று எழுதிக்கொண்டே இருந்தான். நீ போகவில்லை. உரிமம் எடுத்து வைத்திருந்த சின்ன ரைஃபிளை இறக்கி எண்ணெய் போட்டாய்.

அங்கேதான் நமக்குள் சண்டை ஆரம்பித்தது. அந்தத் துப்பாக்கிக்கு இரண்டு வகைத் தோட்டா உண்டு. ஒன்று சத்தத்தைவிட வேகமாகப் போகும், காற்றைக் கிழித்துக்கொண்டு வெடிக்கும். மற்றது சத்தத்துக்குப் பின்னால் போகும், அந்த வெடிப்பு இருக்காது. உன்னிடம் இரண்டிலும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. உரிமத்தில் இருந்த அளவுக்குப் புதிதாக ஒரு வகைதான் வாங்க முடியும்.

"சத்தத் தோட்டாதான் வாங்கணும் மேஸ்திரி. வீட்டுல துப்பாக்கி வெச்சிருக்கறது ஆளைக் கொல்லவா? வெரட்டத்தான். சத்தம் கேட்டா ஓடிடுவானுங்க."

"சத்தத்துக்குத் தமுக்கு போதுமேய்யா. ஊமைத் தோட்டா வாங்கு. வேகமா போறது தட்டியப் பொத்துக்கினு வரும். அந்தாண்ட யாரு படுத்திருக்காங்கன்னு நெனப்பு இருக்கா?"

"ஊமையும் பொத்துக்கினுதான் வரும். நான் சுட்டவன், நீ படிச்சவன்."

சாட்டையின் நுனி சத்தத்தை முந்தும்போதுதான் அந்தச் சொடுக்குக் கிளம்புகிறது என்று நான் படித்ததைச் சொன்னபோது நீ சிரித்தாய். "அப்ப வாசல்ல ஒரு சாட்டைக்காரன ஒக்கார வெச்சிடலாம்" என்றாய். தட்டிக்கு இந்தப் பக்கமிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்: "எது என் மேல படணும்னு ரெண்டு கெழமும் அடிச்சிக்குது. என்னை ஒரு வார்த்தை கேக்க ஆளில்லை."

கடைசியில் சோதித்துப் பார்த்தோம். இடிந்து கிடந்த பக்கத்து மனையில், மிச்சமிருந்த தட்டி ஒன்றை அதே மண் பூசி நிறுத்தினோம். பின்னால் ஒரு பூசணிக்காய். அதற்கும் பின்னால் குட்டிச்சுவர். சத்தத் தோட்டாவுக்கு வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் எழும்பின. அவை திரும்பி வந்து உட்கார்ந்தபின் சுட்ட ஊமைக்கு ஒரு காக்கைகூட அசையவில்லை. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். பூசணியில் இரண்டு ஓட்டை.

"பாத்தியா மேஸ்திரி. ஊமையும் பேசிட்டுது."

"நீ கிட்ட நின்னு சுட்ட" என்றேன்.

"வூட்டுக்குள்ள எட்ட நிக்க எடம் ஏதுய்யா?"

இரண்டில் எதைப் போட்டாலும் அவள் மேல் படும். சுடாவிட்டால் அவர்கள் உள்ளே வருவார்கள். விற்றால் அவளைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவது? அன்று பூசணியை எடுத்து வந்து குழம்பு வைத்தேன். மூன்று பேரும் சாப்பிட்டோம்.

மறுநாள் மத்தியானம் நீ நாற்காலியைச் சந்துக்கு இழுத்தாய். உச்சி வெயில். பட்டாளத்துத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, துப்பாக்கியை மடியில் கிடத்தி, வீட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாய். நான் கதவிடுக்கில் நின்றிருந்தேன். அவன் ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள்.

"பெரியவரே, உள்ள போய்ப் படுங்க. வெயிலு மண்டையப் பொளக்குது."

"உள்ள சுடறதுக்கு எடம் பத்தல தம்பி. அதான் வெளிய வந்துட்டேன்."

அவர்கள் உன் மடியைப் பார்த்தார்கள். உன் முகத்தைப் பார்த்தார்கள். கடப்பாரை தரையில் இழுபடத் திரும்பிப் போனார்கள். அதன்பிறகு மத்தியானம் தவறாமல் உட்கார்ந்தாய். தலை சுற்றுகிறது என்பாய், உள்ளே வா என்றால் கேட்கமாட்டாய். ஒருநாள் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டாய். கோரிமேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைத் துணி மூடித்தான் கொண்டுவந்தார்கள்.

எனக்கு உன் மேல் கோபம் இன்னும் தணியவில்லை. துப்பாக்கியைப் போலீஸில் ஒப்படைத்தார்கள். உன் பிள்ளை வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். உன் வீடு சுற்றுவீடுகளை இடித்தவன் கைக்குப் போனது. உத்திரத்துக்குக் கீழே பனங்கட்டையை முட்டுக் கொடுத்து அவளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். நீ இருந்த வீட்டில் இப்போது அவன் ஆட்களின் பீடிப் புகை. தட்டி வழியாக அது அவள் கட்டிலுக்கு வருகிறது. அவளுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட முடியாது.

ஆனால் ஒன்று கேள். நீ சுட்ட சத்தத்தை அவர்கள் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காததற்குத்தான் பயந்தார்கள். விரட்டச் சத்தம் தேவையில்லை என்றாகிவிட்டது; வாதத்தில் நான் தோற்கவில்லை, இதை நீ ஒத்துக்கொள்ள வேண்டும். மத்தியானம் ஊர் அடங்கியதும் நான் சந்தில் போய் உட்காருகிறேன். கம்பளித் துண்டை மடியில் விரித்து, இரண்டு கையையும் அதன் கீழே வைத்துக்கொள்கிறேன். கடப்பாரைக்காரர்கள் தாண்டிப் போகிறார்கள். அதன் கீழே என்ன இருக்கிறது என்று இதுவரை எவனும் கேட்கவில்லை.